பற்றறி இல்லாத கணினி

ஜெனரேற்றர் பிடித்ததும் இராசமலர் அக்கா கணினியைப் போட்டார். கிளிநொச்சியில் ஒரு நிவாரண அலுவலகத்தின் பின்னறையில்தான் எங்கள் மாலைக் கணினி வகுப்பு. வகுப்புக்கு முன், பிள்ளையைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று தாய்மார் சொன்னவற்றை அக்கா தட்டச்சிட்டு, வேறெவரும் வாசிக்க முடியாதபடி பூட்டி, கொழும்புக்கு மின்னஞ்சலில் அனுப்புவார். சொன்னது யாரென்று பிடித்தவர்களுக்குத் தெரிந்தால் வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளையும் மிஞ்சாது. பூட்டும் நிரல் எவரும் திருத்தக்கூடிய திறந்த மூல நிரல். அதில் பிழை தேடுவது என் பயிற்சி.

போன கிழமை இரண்டு நாள் சாவிகளை, அதாவது பூட்டுவதற்கு நிரல் ஒவ்வொரு நாளும் புதிதாக உண்டாக்கவேண்டிய இரகசிய எண்களை, ஒப்பிட்டேன். ஒன்றாகவே இருந்தன. நான்தான் பிழையாகப் பிரதி எடுத்தேன் என்று நினைத்தேன். மறுநாளும் அதே சாவி. நிரல் தன் சாவியைக் கணினியின் நேரத்திலிருந்து செய்கிறது. எங்கள் கணினிக்குள் இருக்கும் சின்னப் பற்றறி செத்துவிட்டது. போடும்போதெல்லாம் நேரம் 2002 தை முதலாம் திகதிக்குப் போய்விடும். போட்டவுடன் நிரல் தானாக ஓடும். ஒரே நேரம், ஒரே சாவி.

நிரலைப் பராமரிக்கும் பின்லாந்துக்காரருக்கு எழுதினேன். தன்னிடம் அப்படி நடக்கவில்லை, பற்றறியை மாற்றுங்கள் என்று பதில் வந்தது. ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியால் பற்றறி கொண்டுவர விடமாட்டார்கள் என்று எழுதி, அழித்து, திரும்ப எழுதினேன். ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணைச் சேமித்து, அடுத்த முறை நேரத்துடன் கலக்கும்படி திருத்தமும் செய்து அனுப்பினேன். இன்று ஏற்றுக்கொண்டிருந்தார். சந்தோசம் வரும் என்று கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

"இனிச் சாவி ஒவ்வொருநாளும் மாறும், அக்கா."

"அப்ப முந்தி அனுப்பினதுகள்?"

"அதுகளை ஒண்டும் செய்யேலாது. ஆரும் அந்த ஒரு சாவியைக் கண்டுபிடிச்சா எல்லாத்தையும் திறக்கலாம்."

அக்கா தலையாட்டினார். "மதுசன்ர விசயமும் அதுக்குள்ளதான் கிடக்குது."

மதுசன் அவருடைய மூத்தவன்; அவனையும் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அடுத்தவள் சுமித்திராவுக்குப் பதினாறு நடக்கிறது. வீட்டில் மிச்சம் அவள்தான்.

வேறு நாளென்றால், ஆறு வருடத்துக்கு முன் சண்டை நின்றிருந்த அந்த 2002ஐப் பார்த்து, "இது இன்னும் சமாதானத்தில நிக்குது" என்று சிரித்துக்கொண்டே அக்கா திகதியைச் சரிசெய்வார். இன்று திகதியைத் திருத்தாமல் அதையே பார்த்தார்.

"மதுசன் அப்ப ஏழாம் வகுப்பு," என்றார்.

வகுப்புக்கு வந்தவர்கள் கதிரைகளை இழுத்துப் போடத் தொடங்கினார்கள். திரையின் மூலையில் தை முதலாம் திகதி ஒரு நிமிடம் நகர்ந்தது.