படுக்கையறை ஜன்னல் திறக்காததற்கு மூன்று காரணங்கள்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கௌரவமான காரணம் ஏதாவது சொல்லலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன்; கிடைக்கவில்லை. ஒரு மனிதன் என் வீட்டுக்கு வந்தான். மூன்று வருஷமாகத் திறக்காத ஜன்னலை இருபது நிமிஷத்தில் திறந்தான். அப்போது என் மனைவி அவனைப் பார்த்தது போல் என்னை ஒருநாளும் பார்த்ததில்லை. அவனை மட்டம் தட்டத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் படியை 'நான்' என்று ஆரம்பித்தேன். ஐந்தாவது வரியிலேயே நான் நல்லவனாகிவிட்டேன். கிழித்துப் போட்டேன். இனி 'அவன்' என்றுதான் எழுதப்போகிறேன். அவன் என்றால் நான்தான், அதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஆனால் அவனை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அதனால் கொஞ்சம் உண்மை வரலாம்.

2

தொடக்கங்கள்:

ஜன்னல் என்பது வீட்டின் கண். அந்தக் கண்ணில் — [வேண்டாம். இப்படி எழுதுகிறவன் ஜன்னலைத் துடைத்தே இருக்கமாட்டான்.]

அழுக்கேறிய நகங்களும் நரிப் பார்வையுமாக அந்த ஜன்னல்காரன் வாசலில் வந்து — [அவன் நகங்கள் சுத்தமாக இருந்தன. இதை எழுதும்போது வயிறு எரிகிறது.]

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அழைப்புமணி அடித்தது.

இது போதும். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அழைப்புமணி அடித்தது. வந்தவன், மனைவியின் அண்ணன் வீட்டில் வேலை செய்த ஆள். மச்சான் சிபாரிசு செய்த எதுவும் இவனுக்குப் பிடித்ததில்லை, மிக்ஸி உட்பட. ஜன்னல்காரனுக்கு முப்பது வயதிருக்கும். கையில் ஒரு சின்னத் தகரப்பெட்டி, அவ்வளவுதான்.

"எத்தனை ஜன்னல்க்கா?"

"நாலு. கிச்சன், முன்ரூம், பாத்ரூம், பெட்ரூம். பெட்ரூம்தான் ரொம்ப மோசம். திறக்கவே திறக்காது."

"அப்ப அதைக் கடைசியில பாத்துக்கலாம். சுலபமானதை முதல்ல முடிச்சா, உங்களுக்கும் என்மேல ஒரு நம்பிக்கை வரும்."

அவள் சிரித்தாள். ஒன்பது மணி மூன்று நிமிஷத்துக்கே சிரித்தாள்.

சமையலறை ஜன்னலின் வலது கதவு தொங்கிப்போய், மூடும்போதெல்லாம் கீழ்ச்சட்டத்தை உரசும். அதற்கு அவள் கணவன் ஏற்கெனவே ஒரு வைத்தியம் பார்த்திருந்தான். கதவுக்கு அடியில் ஓர் அட்டையை நாலாக மடித்துச் செருகியிருந்தான். ஜன்னல்காரன் அதை உருவிப் பிரித்துப் பார்த்தான். கிடங்கில் ராத்திரி ஷிஃப்டுக்குப் போனபோது இவனுக்குக் கொடுத்த வருகை அட்டை. ஆறு மாதத்துக்கு முன்பு, பாதி ஷிஃப்டில் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு இவன் வீட்டுக்கு வந்துவிட்டான். மறுபடி போகவில்லை. இதையெல்லாம் ஜன்னல்காரனிடம் அவளே சொன்னாள்.

"சார் வேலையை விட்டாலும் கார்டு டியூட்டிலதான் இருக்கு போல."

அவள் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"கீல் ஆணி பிடிப்பு விட்டுப்போச்சுக்கா. மரத்துல ஓட்டை பெருசாயிடுச்சு. அட்டை வெச்சா கதவைத் தூக்கும், கீலைப் பிடிக்காது" என்றான். ஆணிகளைக் கழற்றினான். மருந்து உடைத்த தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்து ஓட்டைக்குள் திணித்தான். நுனியை நறுக்கிவிட்டு அதே ஆணியை அதே இடத்தில் முடுக்கினான். கதவு ஒரு விரலால் தள்ள மூடிக்கொண்டது.*

"அட, தம்பி!" என்றாள் அவள்.

தம்பி என்று கூப்பிட்டால் ஒரு கணவனுக்கு நிம்மதி வரவேண்டும். வரவில்லை. தன்னைப் பார்த்து அவள் அப்படி 'அட' என்று சொல்லி எத்தனை வருஷம் ஆகிறது என்று எண்ண ஆரம்பித்தான்.

* தீக்குச்சி வைத்தியம் எனக்கும் தெரியும் என்று இந்த இடத்தில் ஒரு வரி இருந்தது. தெரியாது. நீக்கிவிட்டேன்.

3

படுக்கையறைக்குப் போவதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த ஜன்னல் திறக்காததற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம் அவளுக்குச் சொன்னது: மழையில் மரம் உப்பிவிட்டது. வெயில் காலம் வந்தது. "இன்னும் காயலையா?" என்று கேட்டாள். "உள்ளுக்குள்ள ஈரம் இருக்கும், அடுத்த வெயிலுக்குச் சரியாயிடும்" என்றான். இப்படி மூன்று வெயில் போயிற்று.

இரண்டாவது காரணம் உங்களுக்கு என்று நான் முதலில் எழுதியது: அவன் அப்போது ராத்திரி முழுக்கப் பெட்டி அடுக்கிவிட்டு வந்து பகலில் தூங்குகிறவன். தெருச்சத்தமும் வெளிச்சமும் ஆகாது. பாவம், தூக்கத்துக்காக ஜன்னலை — [பாவம் என்ற சொல்லை நானே எனக்குப் போட்டுக்கொள்கிறேன். இதையும் நிறுத்துகிறேன். இது பொய் இல்லை, பாதி உண்மை. ஆனால் பாதி உண்மைக்கு யாரும் திருகாணி முடுக்குவதில்லை.]

மூன்றாவது காரணம்: ஒரு சாயங்காலம் அவன் வேலைக்குக் கிளம்பித் தெருமுனையில் திரும்பிப் பார்த்தான். அவள் அந்த ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். எதிர்மாடியில் குடியிருந்தவன் ஈரத்துணியைக் கொடியில் போட்டபடி அவளைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினான். அவள் சிரித்தாள். அவ்வளவுதான். எதில் இரண்டு, எத்தனை மணி இரண்டு, அவன் கேட்கவில்லை. மறுநாள் அவள் காய் வாங்கப் போன நேரத்தில், ஜன்னல் கதவைச் சட்டத்தோடு சேர்த்து ஒரு திருகாணியை முடுக்கினான். தலையை மறைக்க, ஓட்டை அடைக்கிற பசையான மக்கைப் பூசினான். காய்ந்ததும் வண்ணம் அடித்தான்.

எதிர்மாடிக்காரன் ஆறே மாதத்தில் வீடு மாறிப் போய்விட்டான். ஆணி மட்டும் இருந்தது. எடுத்தால் ஏன் எடுத்தாய் என்ற கேள்வி வரும். அதற்குப் பின்னால் ஏன் போட்டாய் என்பதும் வரும். காற்றுப் போக வழி இல்லாமல், கட்டில் தலைமாட்டுச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. அவள் காலையில் இருமிக்கொண்டே எழுந்திருப்பாள். அவன் அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பான்.

4

முன்னறையில் ஒரு கண்ணாடி காற்றடித்தால் கடகடவென்று ஆடும். சுற்றிப் பிடித்திருந்த மக்கு வெடித்து உதிர்ந்திருந்தது. ஜன்னல்காரன் பழையதைச் சுரண்டிவிட்டுப் புது மக்கைக் கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்திக்கொண்டே போனான். இவன் கையில் டார்ச்சோடு பக்கத்தில் நின்றான்.

"ஏங்க, எதுக்கு அவர் பின்னாலயே வால் மாதிரி சுத்துறீங்க?"

"டார்ச் புடிக்கிறேன்."

"பட்டப்பகல்லயா?"

"இருக்கட்டும்க்கா, சார் கண்ணுக்கு இன்னும் ராத்திரி ஷிஃப்ட் போகல போல" என்றான் அவன். மறுபடி சிரிப்பு. இரண்டு பேர் ஒரே விஷயத்துக்குச் சிரிக்கும்போது மூன்றாவது ஆள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வான்? இவன் டார்ச்சை அணைத்துப் பார்த்துக்கொண்டான்.

குளியலறைக் கொக்கி வளையத்தில் விழவில்லை. ஜன்னல்காரன் வளையத்தைக் கழற்றி ஒரு நூல் அளவு கீழே இறக்கி வைத்தான். அதோடு படுக்கையறை.

கதவுக்குள் நுழைந்ததும் ஜன்னல்காரன் மூக்கைச் சுருக்கினான். பெட்டியிலிருந்து மெல்லிய ரம்பத்தகடு ஒன்றை எடுத்து, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் விட்டு மேலிருந்து இழுத்துக்கொண்டே வந்தான்.

"மரம் உப்பிப்போச்சுன்னு சொன்னாரு" என்றாள் அவள்.

"யாருக்கா?"

"இவருதான்."

"உப்பியிருந்தா தகடு எல்லா இடத்துலயும் சிக்கணும்க்கா. இது வெண்ணெய்ல போற மாதிரி போ—" தகடு 'டக்' என்று நின்றது. எடுத்துக் கீழிருந்து மேலே கொண்டுவந்தான். அதே இடத்தில் 'டக்'.

ஜன்னல்காரன் அந்த இடத்தில் வண்ணத்தை விரல் நுனியால் தடவினான். திரும்பி இவனைப் பார்த்தான். ஒரு நொடிதான். பிறகு அவளிடம், "அக்கா, பழைய துணி ஒண்ணு வேணுமே. நல்லா ஈரமா" என்றான்.

அவள் போனாள். அவன் கத்திமுனையால் மக்கைச் சுரண்டினான். ஆணியின் தலை பளிச்சென்று தெரிந்தது. ஏழெட்டுத் திருகில் வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"ரெண்டு இஞ்ச். இவ்வளவு வேண்டாம் சார், ஒண்ணேகாலே பிடிச்சிருக்கும்" என்றான் தாழ்ந்த குரலில். "மக்கு வேலை சுத்தமா இருக்கு. கலர்கூட அச்சு அசலா சேர்த்திருக்கீங்க. முன்ரூம்லயும் இப்படிப் பண்ணியிருந்தா எனக்கு அங்க வேலையே இல்ல."

"அவகிட்ட..."

"நான் ஜன்னல் பாக்க வந்தேன் சார்."

இந்த வாக்கியத்துக்காக அவனை நான் அதிகம் வெறுத்தேன். [வெறுத்தான் என்று இருக்க வேண்டும். இருக்கட்டும்.] கெட்டவனாக இருந்தால் சண்டை போடலாம். ஜன்னல்காரன் ஆணியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, உள்ளங்கையால் கதவை ஒரு தட்டுத் தட்டினான். மூன்று வருஷத் தூசி உதிர ஜன்னல் திறந்தது.

அவள் ஈரத்துணியோடு அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். வெளிச்சம் கட்டில் வரை வந்திருந்தது.

"என்ன தம்பி ஆச்சு அதுக்கு?"

"பிடிச்சிட்டிருந்துச்சுக்கா. விட்டுடுச்சு."

அப்போது அவள் அவனைப் பார்த்த பார்வையைத்தான் நான் முதல் பத்தியில் சொன்னேன்.

5

இங்கேயே முடித்திருக்கலாம். முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் ஜன்னல்காரன் அந்த ஆணியைக் காட்டி இவனை மிரட்டுகிறான். எழுதச் சுகமாக இருந்தது. ஆனால் அவன் அப்படிச் செய்யவில்லை. இரும்பு வாசனை அடிக்கும் தன் பெட்டியை மூடிக்கொண்டு, "ரெண்டு நாள் நல்லா காத்தாட விடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இன்னொன்றில் அன்று சாயங்காலம் இவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர்விட்டு எல்லாவற்றையும் — [கண்ணீரா? இவனா? போய்யா.]

6

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் முக்காடு போட்டுக்கொண்டு சுவர்ப் பூஞ்சையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலையும் துடைத்தாள். துணி ஓர் இடத்தில் மாட்டியது.

"இது என்ன ஓட்டை?"

"எது?"

"இதோ. கதவுலயும் இருக்கு, சட்டத்துலயும் இருக்கு. மூடினா ரெண்டும் நேருக்கு நேரா வருது."

"பூச்சி அரிச்சிருக்கும்."

"பூச்சி அளவெடுத்தா அரிக்கும்? உள்ள மரை போட்ட மாதிரி இருக்குதுங்க." அவள் சுண்டுவிரல் நகத்தை விட்டுப் பார்த்தாள். "நேத்து கவனிக்கலையே. சரி இருங்க, தம்பிகிட்டயே கேட்டுடறேன்."

"அவன்கிட்ட எதுக்கு?"

"அவருக்குத்தானே தெரியும். உங்களைக் கேட்டா மழைம்பீங்க, பூச்சிம்பீங்க."

போனை எடுத்தாள். அழைத்தாள். ஒலிபெருக்கியைப் போட்டுக் கட்டில்மேல் வைத்துவிட்டுத் துணியைப் பிழிந்தாள். மணி அடித்தது.

அந்த ஒவ்வொரு மணிக்கும் இவன் மனதில் என்ன ஓடியது என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உண்மை வெளியே வருமே என்ற பயம் இல்லை. அது அந்தக் குரலில் வருமே என்பதுதான். அவன் மென்மையாகச் சொல்வான். அக்கா, கோபப்படாதீங்க என்று ஆரம்பிப்பான். அவள் அவன் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுவாள். தன் வீட்டுக் கேவலத்தைக்கூட இன்னொருத்தன் தன்னைவிட நன்றாகச் சொல்லிவிடுவான்.

நாலாவது மணி.

"அவனை ஏன் கேக்கறே? நான்தான் போட்டேன்."

"என்னத்தை?"

"ஸ்க்ரூவை. மரம் உப்பல, ஒரு மண்ணும் இல்ல. நான்தான் போட்டு மூடினேன்."

"சொல்லுங்கக்கா" என்றது போன்.

அவள் துணியைக் கீழே வைத்தாள். "ஒண்ணுமில்ல தம்பி. அப்புறம் பேசறேன்" என்று சொல்லி அணைத்தாள். முக்காட்டை அவிழ்த்தாள். இருமல் வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"மூணு வருஷமா?"

"ம்."

"ஏன்?"

7

இத்தனை வருஷத்தில் அவன் சொன்ன ஒரே உண்மை அது. அதுவும் பொறாமையில் வந்தது. இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

அவள் கேட்ட 'ஏன்' அந்த அறையில் நிற்கிறது. 'பகல்ல தூக்கம் வரல' என்றால் அவள் நம்புவாள், திட்டுவாள், சாயங்காலத்துக்குள் தணிந்துவிடுவாள். 'இரண்டு விரல்' என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவன் என்ன சொன்னான் என்பதை இங்கே எழுத மாட்டேன். உண்மையைச் சொன்னான் என்று எழுதினால் நீங்கள் நம்பக் கூடாது, எழுதுகிறவன் யார் என்று உங்களுக்குத் தெரியும். பொய் சொன்னான் என்று எழுதினால், அதைப் படித்து அவனை மன்னித்துவிடுவீர்கள். அதுவும் எனக்கு வேண்டாம்.

ஆனால் ஒரு சங்கடம், இப்போதுதான் உறைக்கிறது. மூன்றாம் பகுதியை நீங்கள் படித்துவிட்டீர்கள். அவள் படிக்கவில்லை. அந்த ஜன்னல்காரனுக்குக்கூட ஆணி மட்டும்தான் தெரியும். காரணம் உங்களுக்குத்தான் தெரியும். என் மனைவிக்கு முன்னால் நீங்கள் தெரிந்துகொண்டீர்கள். அவள் எங்கேயாவது உங்களைச் சந்தித்து, ஏன் என்று கேட்டால், நீங்களும் என்னைவிட நன்றாகத்தான் சொல்வீர்கள். நிதானமாக, அவள் மனம் நோகாமல்.

எனக்கு உங்கள்மேலும் எரிகிறது.

அவள் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். தாள்கள் என் கையில் இருக்கின்றன. நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். ஒரு நிமிஷம் பொறுங்கள், நானே போய் —