பத்து தெங்காவில் இறங்கியவர்

கோலாலம்பூருக்கு மாற்றலாகி, தகரப் பெட்டியோடு பத்து தெங்கா ஸ்டேசனில் ரயிலேறிய ஸ்டேசன் மாஸ்டர் சிவசம்பு, பயணம் முடிந்து பத்து தெங்காவிலேயே இறங்கினார். ரயில் ஒன்றும் திரும்பி வரவில்லை. அது ஒழுங்காகக் கோலாலம்பூர் போய்ச் சேர்ந்தது, கூட ஏறியவர்களும் அங்கேதான் இறங்கினார்கள். சிவசம்பு காலை வைத்த இடத்தில் மட்டும் பத்து தெங்காவின் செம்மண் இருந்தது. பிளாட்பாரத்தில் கடலை விற்கும் மகதலேனா கூடையோடு உட்கார்ந்திருந்தாள். "வாங்க ஐயா, வந்துட்டீங்களா?" என்றாள். அவளுக்கு வயிறு குளிர்ந்தது. இது நடந்தது 1912இல்.

காரணம் அவர்கள் இருவருக்கும் தெரிந்ததுதான். கிள்ளான் போகும் பாதை ஒற்றைத் தண்டவாளம்; அந்தப் பாதைக்கான இரும்பு வளையம் டிரைவர் கையில் இருந்தால்தான் வண்டி நகரலாம். வந்த டிரைவரிடமிருந்து பழைய வளையத்தை வாங்கி ஸ்டேசன் இயந்திரப் பெட்டிக்குள் போட வேண்டும். அடுத்த ஸ்டேசன் பாதை காலி என்று மணியடித்த பிறகு, வேறு வளையத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு அவசரத்தில் இருந்த சிவசம்பு, வாங்கிய வளையத்தையே டிரைவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். எதிரே கிள்ளான் வண்டி வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சிவப்புக் கொடியோடு தண்டவாளத்தில் ஓடியவன் மகதலேனாவின் புருசன், தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் இருதயம். இரண்டு வண்டிகளும் நின்றன. நடுவில் அகப்பட்டுச் செத்தவன் அவன் ஒருவன்தான்.

விசாரிக்க வந்த துரையிடம், இருதயம் கள்ளுக் குடித்துவிட்டுத் தவறான கொடி காட்டினான் என்று சிவசம்பு கூசாமல் சொன்னார். கள்ளை மோந்துகூடப் பார்க்காதவன் குடிகாரனானான். மகதலேனாவை ரயில்வே வீட்டிலிருந்து சட்டி பானையோடு வெளியேற்றினார்கள். அவள் நேராகப் பிளாட்பாரத்துக்கு வந்தாள்.

"செத்தவன் பேரக் கெடுத்துட்டு நீங்க சுகமாப் போயிடுவீங்களா? இந்த ஸ்டேசன் உங்கள விடாது, ஐயா."

விடவில்லை. தண்டவாளத்தோரம் நடந்து பார்த்தார், ரப்பர் காட்டுக்குள் புகுந்து பார்த்தார், சம்பான் படகில் ஆற்றோடு போனார். எல்லா வழியும் அதே பிளாட்பாரத்தில்தான் முடிந்தது. கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியேறிவிட்ட மனைவி குணபூசணி, ஞாயிற்றுக்கிழமைகளில் புட்டும் சம்பலும் கொண்டுவந்து கொடுத்துப் பார்த்தாள். பிறகு அலுத்துப்போய் யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறினாள். ரயில்வேக்காரர்கள் காரியக்காரர்கள், அவர் பென்சனையும் பத்து தெங்காவுக்கே அனுப்பினார்கள். புதிதாக வந்த மாஸ்டர்கள் விளக்குகளையும் கொடிகளையும் பொறுப்பெடுத்ததுபோல் சிவசம்புவையும் பொறுப்பெடுத்தார்கள். அவர் பெட்டியோடு இறங்கும்போதெல்லாம் மகதலேனா ஒரு கை கடலை கொடுத்தாள். இரக்கப்பட்டு அல்ல. அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்க்கத்தான்.

1931இல் ரப்பர் விலை விழுந்து, தோட்டத்துச் சனங்களை ஊருக்கு அனுப்பினார்கள். பிளாட்பாரம் மூட்டை முடிச்சுகளால் நிரம்பியிருந்தது. எல்லாரும் போகிறார்களே என்ற பொறாமையில் சிவசம்பு வெடித்துவிட்டார்.

"இருதயம் குடிக்கேல்லை! வளையத்தை மாத்தாமல் குடுத்தது நான்தான். பொய் சொன்னதும் நான்தான்."

கிழட்டுக் கங்காணி ரெங்கசாமி தலைப்பாகையை அவிழ்த்தார். இத்தனை காலமும் வாய்க்கு வாய் குடிகாரன் என்றவர் அவர்தான். மகதலேனா வாய்விட்டு அழுதாள். புருசன் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

"சொல்லிப்போட்டன். இனி என்னை விடு, பிள்ளை" என்றார் சிவசம்பு.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சொன்னது அவருக்குச் சேர வேண்டியது. அதுக்குக் கூலி என்கிட்ட கேக்காதீங்க."

கூடையை அங்கேயே விட்டுவிட்டு, புருசன் பேருக்குப் பூசை வைக்கக் கிள்ளானுக்கு டிக்கெட் எடுத்தாள். சிவசம்புவும் அதே பெட்டியில் ஏறி அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். வழி முழுக்க அவர் அவள் முந்தானையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கிள்ளானில் அவள் இறங்கியதும், அவள் கால் வைத்த அதே படியில் கால் வைத்து அவரும் இறங்கினார்.

மகதலேனா மாதா கோவிலுக்கு வழி கேட்டு நடந்தாள். பத்து தெங்காவில் போர்ட்டர் வேலாயுதம், வந்து இறங்கிய சிவசம்புவின் பெட்டியை வாங்கி வெயில் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, வேலையைப் பார்க்கப் போனான்.