பேச்சை இழுத்த இன்ஜின்

ஸ்டியரிங் அக்காவின் கார் சிக்னலில் நின்றால், உள்ளே இருப்பவர்களின் பேச்சை விழுங்கிவிடும். ஹாரன் கேட்கும், மழை கேட்கும், பக்கத்து லாரிக்காரர் தொண்டையைச் செருமுவதுகூடக் கேட்கும். ஆனால் காருக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கை தூரத்திலும் பேசுகிறவர்களின் வாய்தான் அசையும், சொல் வராது. வண்டி வேகம் பிடித்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். தெருவில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. பழைய வண்டிகளில் ஒன்று ஆயில் குடிக்கும், ஒன்று தண்ணீர் குடிக்கும், இது பேச்சைக் குடிக்கிறது என்று விட்டுவிட்டார்கள். அக்காவுக்கு உறுத்தியது வேறு விஷயம். நின்ற இடத்தில் இன்ஜின் ஒரு நிலைக்கு வராது. உறுமும், தணியும், மறுபடி உறுமும், கடைசியில் விக்கல் எடுத்து அணைந்துபோகும்.

தன் அண்ணன் வீட்டின் முன்னறையில், அந்த ஒரே காரை வைத்துக்கொண்டு, அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்தினாள். அரை ஊருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களுக்கெல்லாம் ரிவர்ஸ் கியர் போட்டுக் காட்டியவள் என்று அண்ணி சொல்லிச் சிரிப்பாள். சிக்னலில் தன் குரல் எடுபடாததால், கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குக் கையாலும் கண்ணாலும் பாடம் நடத்தப் பழகினாள். அவர்கள் சொல்லும் சாக்குகளைப் புரிந்துகொள்ள உதடு படிக்கவும் பழகினாள். யாரும் கற்றுத்தரவில்லை, வருஷக்கணக்காகச் சிவப்பு விளக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்ததில் தானாக வந்தது.

வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக்கை ஊர் நிதானம் என்று கூப்பிட்டது. ஒரு நட்டைக் கழற்றுவதற்கு முன் அதனிடம் அனுமதி கேட்பவர் போல நிற்பார். நாளுக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் அண்ணன். அக்கா மட்டும் 'மெக்கானிக் சார்' என்றாள். அண்ணி இதைக் கவனித்து மனதில் முடிந்துவைத்திருந்தாள்.

நிதானம் முதலில் பிளக்குகளை மாற்றினார். பிறகு கார்புரேட்டரை இறக்கி, பெட்ரோல் வரும் ஜெட் துளையில் இருந்த அழுக்கை ஊதி எடுத்தார். டைமிங் வைத்தார், காற்றும் பெட்ரோலும் கலக்கிற திருகைக் கால் சுற்று இப்படியும் அப்படியும் திருப்பினார். எங்கோ ஏர் இழுக்கிறது என்று சந்தேகப்பட்டு, ரப்பர் குழாயைக் காதில் வைத்து மூட்டுக்கு மூட்டு கேட்டார், சோப்புத் தண்ணீர் தெளித்தார். எந்த மூட்டிலும் நுரை உள்ளே போகவில்லை. விசித்திரம் என்னவென்றால், அவர் தனியாக இருக்கும்போது இன்ஜின் ஓயாமல் அணைந்துகொண்டே இருக்கும். அக்கா பக்கத்தில் வந்து குறை சொல்ல ஆரம்பித்தால் ஓடும். இதை ஒருநாள் அவர் அவளிடமே சொன்னார். சொன்னபிறகுதான் அது வேறு மாதிரி கேட்கும் என்று உறைத்தது. காது சிவக்க, ஸ்பேனரை எடுக்கப் போய்விட்டார். இப்படியே மூன்று வருஷம் போயிற்று.

"ஒரு வண்டிக்கு மூணு வருஷமா?" என்றாள் அண்ணி. "அந்த மனுஷன் இன்ஜினைப் பார்க்க வர்றாரா, இல்ல வேற எதையாவது பார்க்க வர்றாரா?"

அக்கா தண்ணீர் குடிக்கப் போனாள்.

அந்த வருஷம் பேக்கரிக்காரர் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார். ஒரு சிக்னலில், விளக்கு இன்னும் சிவப்பாக இருக்கும்போதே அவர் கிளட்சிலிருந்து காலை எடுத்தார். அக்கா விடாதீர்கள் என்று கத்தினாள். கத்தலை இன்ஜின் குடித்துவிட்டு ஒரு உறுமு உறுமிப் பாய்ந்தது. தன் பக்கத்து பிரேக்கில் அவள் ஏறி நின்றதால், எதிரே போன குழந்தை வண்டிக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது. தாய்க்காரி திட்டக்கூட இல்லை. குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் அக்கா சாவியை ஆணியில் மாட்டினாள். பழைய இரும்புக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காரை எடுத்துப்போகச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே நிதானம் வந்தார். செய்தி அவர் காதுக்கு எப்படிப் போயிற்று என்று அண்ணியைத் தவிர யாருக்கும் தெரியாது. இரவு தூங்காத முகம். கடைசியாக ஒரு தடவை பார்க்கட்டுமா என்றார். இன்ஜின் காற்றை இழுக்கவில்லை, பேச்சை இழுக்கிறது, அதனால் ஒவ்வொரு இடமாகப் பேசிப் பார்க்க வேண்டும், எங்கே பேசும்போது இன்ஜின் அடங்குகிறதோ அங்கேதான் ஓட்டை என்று விளக்கினார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமான பேச்சை அக்கா அதுவரை கேட்டதில்லை.

பானெட்டைத் தூக்கி இன்ஜினை ஓடவிட்டார்கள். இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். ஒரு தம்ளர் தண்ணீரை இன்ஜின் தலைமேல் வைத்தார். பிறகு குனிந்து, ரேடியேட்டரிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு குழாயின் அருகிலும் பேசிக்கொண்டே போனார். முதலில் பாகங்களின் பெயர்களைச் சொன்னார், அது தீர்ந்ததும் ஏழாம் வாய்ப்பாடு சொன்னார். தம்ளரில் தண்ணீர் தளும்பிக்கொண்டே இருந்தது. வாய்ப்பாடும் தீர்ந்தது. பேசிப் பழக்கமில்லாதவர், கைவசம் வேறு பேச்சு இல்லை. கார்புரேட்டருக்குக் கீழே இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டு சேருமிடத்தில் குனிந்தபோது, மனதில் கிடந்ததை எடுத்துப் பேசினார். எப்படியும் யாருக்கும் கேட்காது என்ற தைரியம்.

அக்கா அவர் உதடுகளைப் படித்தாள்.

"இந்த வண்டி சரியாயிடுச்சுன்னா, இனிமே நான் என்ன காரணம் சொல்லிக்கிட்டு இந்த வீட்டுக்கு வர்றது? வேணும்னே இழுத்தடிச்சேன்னு நினைச்சிடுவாங்களோ. சத்தியமா இல்ல. ஆனா ஓட்டை கிடைக்காத நாள்ல எல்லாம் சந்தோஷமாத்தான் வீட்டுக்குப் போனேன்."

இன்ஜின் தணிந்து, பூனை தூங்குவது போல ஒரே சீராக ஓடியது. தம்ளரில் தண்ணீர் கண்ணாடியாய் நின்றது. ஓட்டை அதுதான். மூட்டுக்கு நடுவே காற்றுப் புகாமல் வைக்கும் பேக்கிங் தாள் முடி அகலத்துக்குக் கிழிந்திருந்தது. நிதானம் நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை.

அக்கா தன் பக்கத்திலிருந்து அதே இடத்துக்குக் குனிந்து ஏதோ சொன்னாள். தண்ணீர் அசையவில்லை. உதடு அசைந்தது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. அவருக்கு இன்ஜினைப் படிக்கத் தெரியுமே தவிர உதட்டைப் படிக்கத் தெரியாது. என்ன என்று கையால் கேட்டார். அவள் போய்ச் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள்.

"வண்டி சரியானாலும் வரலாம்னு சொன்னேன், மெக்கானிக் சார்."

அவர் தம்ளரை எடுத்து, அதிலிருந்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். சமையலறையில் அண்ணி பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக உருட்டினாள். இரும்புக் கடைக்காரர் வந்தபோது ஒரு பழைய கட்டிலைக் கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்த மாதம் கல்யாணம் நடந்தது. புது பேக்கிங் போட்டதும் காருக்குள் எல்லாப் பேச்சும் தெளிவாகக் கேட்டது; ஆனால் இத்தனை காலம் பேச்சைக் குடித்துப் பழகிய இன்ஜின் அது இல்லாமல் சோர்ந்தது. எந்தத் திருகைத் திருப்பியும் பயனில்லை. அதனால் நிதானம் மேனிஃபோல்டில் கடுகளவு துளை போட்டு, அதற்கு ஒரு மூடி வைத்தார். காலையில் வண்டியை நிறுத்திவைத்து, மூடியைத் திறந்து, யாராவது கொஞ்ச நேரம் பேசினால் வாரம் முழுக்க ஒழுங்காக ஓடும். வீட்டில் வாக்குவாதம் வந்தால் அக்கா அங்கே போய்ப் பேசித் தீர்த்துவிட்டு, லேசான முகத்தோடு திரும்புவாள். எட்டி நின்று பார்க்கும் நிதானத்துக்கு உதடு படிக்கக் கற்றுத்தருவதாக அவள் பலமுறை சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டார். பிறகு அக்கம்பக்கத்தவர்களும் வர ஆரம்பித்தார்கள். வேலை போனவர், மாமியாரோடு மனத்தாங்கல் உள்ளவள், காரணம் எதுவும் சொல்லாத தபால்காரர், எல்லோரும் குனிந்து பேசிவிட்டு மூடியைத் திருகி வைத்துப் போனார்கள். ஆயிலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். பெட்ரோல் செலவும் முன்பைவிடக் குறைவுதான்.