சிநேகிதனுக்கு என்று கேட்டவன்

இந்தக் காலத்து ஆம்பளைகளுக்கு வாய் ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்கிறது. மீசையை முறுக்கத் தெரியும், பெண்டாட்டியை அதட்டத் தெரியும். உடம்பில் ஒன்று படுத்துக்கொண்டால் மட்டும் அது ஊரில் எவனோ ஒருத்தனுடைய உடம்பாகிவிடும். எங்கள் தெரு லேத்துப் பட்டறைக்காரனும் அப்படித்தான் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து, "எனக்கில்லைங்க, என் சிநேகிதனுக்கு" என்றான். சொன்ன வாயை மூடுவதற்குள் அந்தச் சிநேகிதன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

அதே முன்வழுக்கை, அதே தொப்பை, நகக்கண்ணில் அதே கிரீஸ். வெட்கம் மட்டும் இல்லை. டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அந்த அறையில் அவர் கேள்விப்பட்ட சிநேகிதர்களைக் கொண்டு ஒரு தெருவையே குடிவைக்கலாம். நேரில் வந்தவன் இவன் ஒருத்தன்தான். அதனால் மரியாதையாகவே விசாரித்தார்.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"ஒரு வருஷமா எழும்பலைங்க" என்றான் சிநேகிதன்.

"காலைல கண்ணு முழிக்கறப்பவாவது?"

"அப்பவும் இல்ல."

லேத்துக்காரன் சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தை, பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். இதற்கு முன்னால் அவன் செய்த ஒரே வைத்தியம், சுவரொட்டியில் தொடை தட்டி நின்ற ஒரு தாடிக்காரனிடம் பவுடர் டப்பா வாங்கித் தின்றது. அது வயிற்றைத்தான் எழுப்பிவிட்டது.

டாக்டரம்மா சிநேகிதனுக்கு ரத்த அழுத்தம் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிக்கிடந்தது. "மனக்கவலையாலயும் இது வரும். ஆனா உனக்குச் சர்க்கரைப்பா. அது ரத்தக்குழாயக் கெடுக்கும், நரம்ப மரக்கடிக்கும். மேல சிகரெட்டு வேற. இன்னைக்கு இங்க காட்டுது, விட்டா நாளைக்கு நெஞ்சுல காட்டும்" என்றார். சர்க்கரைக்கு மாத்திரை, நடை, சிகரெட்டை விடுவது, பிறகு நெஞ்சைச் சோதித்துப் பார்த்து இதற்கென்று தனியாக ஒரு மாத்திரை. சிநேகிதன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான்.

அவனுக்குப் போக்கிடம் இல்லாததால் பட்டறையிலேயே தங்கிக்கொண்டான். தெருக்காரர்கள் சொந்தக்காரன் என்று நினைத்தார்கள், பிறகு அதையும் நினைப்பதை விட்டுவிட்டார்கள். லேத்துக்காரன் அவனுடைய மாத்திரைகளில் பாதியைத் திருட்டுத்தனமாகத் தானும் விழுங்கிவந்தான். இரண்டு பேர் விழுங்கியும் குணமானது ஒருத்தன்தான். சிநேகிதனுக்குத் தொப்பை வற்றியது, முகம் தெளிந்தது, காலையில் விசிலடித்துக்கொண்டே இரும்புத் தூளைப் பெருக்கினான். லேத்துக்காரனுக்குக் கன்னம் ஒட்டிப்போய், கால் எரிய ஆரம்பித்தது. ராத்திரியானால் பெண்டாட்டிக்கு முதுகைக் காட்டிப் படுத்து, குறட்டைவிடுவதுபோல நடித்தான். அந்த நடிப்பில் பாதியை வைத்தியத்தில் காட்டியிருந்தால் உருப்பட்டிருப்பான்.

ஒரு நாள் காலையில் அவன் பெண்டாட்டி துணிப்பையோடு பட்டறை வாசலில் வந்து நின்றாள். மெஷினை நிறுத்தச் சொன்னாள். நானும் ஒரு கிணற்றுக் கப்பி கடைய வந்து நின்றிருந்தேன். என்னை ஒரு பொருட்டாகவே அவள் மதிக்கவில்லை.

"ஒன்னே ஒன்னு கேக்கறேன். என்னைப் பிடிக்கலையா, வேற எவளாவது இருக்காளா, இல்ல உடம்புக்கு ஏதாவதா? பதில் சொன்னா இருக்கேன். இல்லேன்னா எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன், இந்தப் பக்கமே வரமாட்டேன்."

லேத்துக்காரனுக்குப் பழக்கதோஷம், கை தானாகவே மூலையைக் காட்டியது. "உடம்புக்குத்தான். ஆனா எனக்கில்ல, அவனுக்கு."

சிநேகிதன் துடைப்பத்தைச் சாத்திவிட்டு நிமிர்ந்தான். "எனக்கு ஒன்னும் இல்லையே அண்ணே. போன வாரமே எல்லாம் சரியாயிடுச்சுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நீங்களும்தான பக்கத்துல இருந்தீங்க."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினாள். ரெண்டு எட்டு வைத்துவிட்டாள். அப்போதுதான் அவனுக்கு வாயிலிருந்து வந்தது, குரல் ஏதோ கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல: "எனக்குத்தான்டி."

அவள் நின்றாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இதுக்கா ஒரு வருஷத்துக்கு மேல சுவரப் பாத்துப் படுத்தீங்க? நான் கண்ணாடியப் பாத்துப் பாத்து என்னையே திட்டிக்கிட்டுக் கிடந்தேன். நடங்க, ஆஸ்பத்திரிக்கு. சட்டையப் போடுங்க முதல்ல."

இருவரும் ஒன்றாகப் போய் உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா முதலிலிருந்து கேட்டார், அவன் முதலிலிருந்து சொன்னான், முழுங்கிய இடங்களை அவள் எடுத்துக்கொடுத்தாள். திருட்டு மாத்திரைக்கு இருவரிடமும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து மாத்திரை அவன் உடம்பிலேயே வேலை செய்ய ஆரம்பித்தது. மெதுவாகத்தான். ஒரு மழைக்காலம் போய் வெயில் வந்தபோது, புருஷனும் பெண்டாட்டியும் சாயங்காலம் சேர்ந்து நடந்துபோவதை எல்லோரும் பார்த்தோம். ஏதோ சொல்லி அவள் அவன் முதுகில் அடித்தாள், அவன் சிரித்தான்.

சிநேகிதன் மறைந்துபோகவில்லை. எதற்கு மறைய வேண்டும், கடைசல் வேலை படிந்துவிட்டதே. இரண்டாவது மெஷினில் நிற்கிறான். அவள் மூன்று பேருக்குச் சாப்பாடு கொண்டுவருகிறாள், அவன் அண்ணி என்று கூப்பிடுகிறான். பொய்யில் பிறந்தவன் வாயில் பொய் வருவதே இல்லை என்பதால், தெருவில் மீசை வைத்தவன் எல்லாம் ஒவ்வொருத்தனாக வந்து, அந்த வைத்தியம் வேலை செய்கிறதா என்று அவனிடம்தான் ரகசியமாகக் கேட்கிறான். கேட்கிற ஒவ்வொருத்தனும் ஒரு சிநேகிதனுக்காகத்தான் கேட்கிறான்.

இன்னொரு கப்பி கடையப் போன என்னிடமும் வந்து, "நெசமாவே குணமாகும் பெரியவரே, நானே சாட்சி" என்றான்.

"பொறக்காதவன் சொல்ற சாட்சியெல்லாம் ஒரு சாட்சியாடா?" என்று சொல்லிவிட்டு, கப்பியை வாங்கிக்கொண்டு என் வழியைப் பார்த்து நடந்தேன்.