செருப்புக்காரன் மகளின் கால்விரல்

என் தம்பி தைரியசாலி என்று யாராவது சொன்னால், சொன்னவர் எங்கள் செருப்புக் கடைக்கு வந்ததே இல்லை என்று அர்த்தம். வந்திருந்தால் பரணைப் பார்த்திருப்பார்.

முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கடைக்கு மேலே பலகை போட்ட பரண். அலமாரியில் ஒவ்வொரு ரகத்திலும் ஒற்றைக் கால் மட்டும்தான் இருக்கும். மற்றதெல்லாம் பெட்டி பெட்டியாக மேலே. கல்லாவின் பக்கத்திலிருந்து பரணுக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் போகிறது. அதில் வாயை வைத்து, "லேடீஸ், கறுப்பு, ஆறு!" என்று கத்தினால் மேலே இருப்பவர் பெட்டியைக் கீழே போடுவார், நான் ஏந்திக்கொள்வேன். ஒரே ஒருமுறை தவறவிட்டேன். அது ஒரு வழுக்கைத் தலையில் விழுந்தது.

பரண் சரக்குக்கு மட்டுமல்ல, தம்பிக்கும் அதுதான் கோட்டை. வரி அதிகாரி வந்தால் பரண். வார் அறுந்த செருப்போடு யாராவது சண்டைக்கு வந்தால் பரண். பெண் பார்க்கும் நாளில்கூட, "நீயே பாத்துட்டு வாக்கா, உனக்குப் பிடிச்சா எனக்குப் பிடிச்ச மாதிரி" என்று என்னை அனுப்பிவிட்டு மேலே உட்கார்ந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு வரவேண்டிய வசவையெல்லாம் நானே வாங்கித் திருப்பிக் கொடுத்து, கடைத்தெருவில் எனக்குக் 'கடுகு' என்று பெயர் நிலைத்துவிட்டது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு ஆண்பிள்ளையைக் கட்டி மேய்த்தது போதும் என்று விட்டுவிட்டேன்.

அப்படிப்பட்டவனுக்கு மகள் பிறந்தாள். வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் நலம் என்று நர்ஸ் துணிப்பொட்டலத்தை நீட்டியபோது, எங்கள் குடும்பத்தைத் தவிர உலகத்தில் யாரும் செய்யாத ஒரு காரியத்தை நாங்கள் செய்தோம். முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்த்தோம். தொழில் புத்தி, என்ன செய்வது?

கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே நல்ல இடைவெளி.

"அக்கா, பாத்தியா! செருப்புக்காரன் பொண்ணுன்னா சும்மாவா? வார் போடுற இடத்தோட பொறந்திருக்கா!" என்று குதித்தான். எனக்கும் பெருமை தாங்கவில்லை. வார்டில் இருந்தவர்கள், பக்கத்து வார்டுக்காரர்கள், தண்ணீர் கேன் போட வந்தவர் எல்லாரும் அந்த விரலைப் பார்த்தாக வேண்டியதாயிற்று. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்றால் எங்களுக்கு வைரக் குஞ்சு.

மறுநாள் குழந்தை டாக்டர் வந்தார். நிதானமான பெண்மணி. தம்பி மனைவி மாத்திரை மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் குழந்தையின் கையை விரித்துப் பார்த்தார், கை கால்களை மெல்ல மடக்கி நீட்டினார், நெஞ்சில் வெகுநேரம் குழல் வைத்துக் கேட்டார். என் தம்பி சும்மா இருக்காமல், "கால்விரலப் பாருங்க டாக்டர்!" என்றான்.

"பாத்தேன்" என்று சொல்லி, எங்கள் இருவரையும் வெளியே அழைத்துப்போய் உட்காரவைத்தார்.

"விரல் இடைவெளி, உள்ளங்கையில ஒரே ரேகை, ஓரம் மேல ஏறின கண்ணு, உடம்பு கொஞ்சம் தளர்வா இருக்கு. தனித்தனியாப் பாத்தா இதுல ஒண்ணும் இல்ல, நிறைய பேருக்கு இருக்கும். எல்லாம் ஒண்ணா இருக்கறதால டவுன் சிண்ட்ரோமா இருக்குமோன்னு பாக்கணும். ரத்தம் எடுத்து குரோமோசோம எண்ணிப் பாத்தாத்தான் உறுதியாத் தெரியும். ரிசல்ட் வரக் கொஞ்ச நாளாகும். நெஞ்சுல லேசா ஒரு சத்தம் கேக்குது, ஹார்ட் ஸ்கேனும் எடுக்கணும். அம்மா முழிச்சதும் நானே ரெண்டு பேருக்கும் சேத்து விளக்கமா சொல்றேன்."

"வேணாம் டாக்டர். நானே சொல்லிடறேன்" என்றான் தம்பி.

'நானே' என்ற சொல்லை அவன் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல்முறை. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். டாக்டர் அவனை நம்பினார். பாவம், புதியவர்.

அவன் சொல்லவில்லை. மனைவி கண் விழித்ததும், "மஞ்சக் காமாலை டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்திருக்காங்க" என்று புளுகினான். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரிசல்ட் வரட்டும்க்கா. அவ தாங்க மாட்டா. நீ வாயத் திறக்கக் கூடாது" என்று சத்தியம் வாங்கினான்.

அன்று மாலை அவன் கடைக்குப் போனதும், தம்பி மனைவி என்னை அருகே கூப்பிட்டாள். "அண்ணி, கதவச் சாத்துங்க."

சாத்தினேன்.

"மஞ்சக் காமாலையும் இல்ல, பச்சக் காமாலையும் இல்ல. நான் மழலையர் பள்ளி டீச்சர் அண்ணி. என் க்ளாஸ்ல இதே கண்ணோட ஒரு வாலு இருந்தான். எல்லார் பிஸ்கட்டையும் தின்னுட்டு, திட்டப் போனா கழுத்தக் கட்டிப்பான். பாப்பாவ முதல்ல கையில வாங்கினப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"நேத்து ராத்திரியே அழுது முடிச்சாச்சு" என்று அவள் சொன்னாள். "இப்ப எனக்கு நேரமில்ல. இவளுக்குப் பால இழுக்கத் தெம்பில்ல, நாலு வாய் குடிச்சாத் தூங்கிடறா, பாதத்த வருடி எழுப்பணும். என் கவலையெல்லாம் உங்க தம்பிதான். அவருக்குத் தெரிஞ்சா பரண் ஏறிடுவார் அண்ணி. ஏணியையும் மேல இழுத்துப்பார். நீங்க வாயத் திறக்கக் கூடாது."

இன்னொரு சத்தியம். எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின நிலைமை. ஆனால் அவள் பயந்ததுதான் என் பயமும். வரி அதிகாரியைப் பார்த்து ஓடினான், நான் சமாளித்தேன். வாடிக்கையாளரைப் பார்த்து ஓடினான், சமாளித்தேன். மகளைப் பார்த்து ஓடினால் அவனுக்குப் பதிலாக நான் போய் அப்பாவாக நிற்க முடியுமா?

வீட்டுக்கு வந்த பிறகு நடந்த கூத்து இருக்கிறதே! இருவரும் போட்டி போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்கள். அவன் பாட்டுப் பாடினான்; பாடத் தெரியாது. அவள் அவன் சொன்ன ஒவ்வொரு அசட்டு ஜோக்குக்கும் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். அவன் தனியாக வந்து, "எப்படிச் சிரிக்கிறா பாருக்கா, பாவம், ஒண்ணுமே தெரியல" என்பான். அவன் அந்தப்பக்கம் போனதும் அவள், "எப்படிப் பாடறார் பாருங்க அண்ணி, பாவம், ஒண்ணுமே தெரியல" என்பாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது சத்தம் போடலாம். எனக்கு அதற்கும் தடை.

ஒரு மத்தியானம் கடையில் ஓரளவு கூட்டம். ஒரு பஸ் டிரைவர் வலது காலில் புது ஷூவும் இடது கால் வெறுங்காலுமாக, இன்னொரு கால் ஷூவுக்குக் காத்திருந்தார். தம்பி மனைவி குழந்தையைத் தோளில் சாய்த்தபடி வந்து கல்லாவில் உட்கார்ந்தாள். அப்போது தம்பியின் போன் அடித்தது. பெயரைப் பார்த்தான், முகம் சுருங்கியது, கிடுகிடுவென்று ஏணி ஏறிவிட்டான்.

மேலே போய்த் தனியாகப் பேசுகிறாராம் துரை. இருபது வருஷமாக அதே பரணில் உட்காருகிறவனுக்கு, குழாயில் கீழிருந்து மேலே சத்தம் போனால் மேலிருந்து கீழேயும் வரும் என்று தோன்றவில்லை. அவன் வழக்கமாகச் சாய்ந்துகொள்ளும் மூட்டை, குழாயின் வாய்க்கு நேர் எதிரே இருந்தது.

"சொல்லுங்க டாக்டர்… உறுதிதானா?" கல்லாவுக்குப் பக்கத்திலேயே நின்று பேசுவதுபோலக் கேட்டது. "எல்லாம் ஜோடி ஜோடியா இருக்கணும்… சரி… இருபத்தொண்ணாவதுல மட்டும் மூணு இருக்கா? புரியுது டாக்டர். ஒரு பெட்டியில மூணு செருப்பு."

நான் குழாயை அடைக்கத் துணி தேடினேன். கையில் அகப்பட்டது டிரைவர் கழற்றிப் போட்ட சாக்ஸ்தான். அதைத் திணிக்கப் போன என் கையைத் தம்பி மனைவி பிடித்து நிறுத்தினாள்.

"ஒண்ணு கேக்கணும் டாக்டர்." குரல் இறங்கியது. "இந்தப் பரண்ல பசை வாசனை ஜாஸ்தி. தினம் அந்தச் சட்டையோடதான் அவகிட்ட போவேன். அவ வயித்துல பாப்பா இருந்தப்பவும் போனேன். அதனாலயா?"

தம்பி மனைவி குழாயின் பக்கம் சாய்ந்து காதை வைத்தாள்.

"இல்லையா? நிச்சயமா? கருமுட்டை உருவாகறப்பவே பிரிய வேண்டிய ஜோடி பிரியாமப் போயிடுச்சா? அவ தப்பும் இல்ல, என் தப்பும் இல்ல… யாரும் எதுவும் பண்ணலையா?" பிறகு குழாய் வழியாக அழுகை வந்தது. சின்ன வயதில் விழுந்து முட்டி உடைத்துக்கொண்டபோது அழுத அதே அழுகை. "அவகிட்ட இன்னும் சொல்லல டாக்டர். சொல்லணும்னுதான் தினம் கிட்ட போறேன். அவ பாப்பாவப் பாத்துச் சிரிக்கிறா. அந்தச் சிரிப்ப நான் எப்படி நிறுத்துவேன்?"

மகளைக் கண்டு பயந்து மேலே போகிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் இவ்வளவு நாளும் அந்தப் பசைவாசனைச் சட்டையைக் குற்றம் சாட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறான்.

தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு குழாயில் வாயை வைத்தாள். எங்கள் கடை ராகத்திலேயே கத்தினாள்: "லேடீஸ் ஒண்ணு, கைக்குழந்தை ஒண்ணு, கீழ காத்துக்கிட்டு இருக்கு! இறங்கி வாங்க!"

சற்று நேரம் கழித்து ஏணியின் மேல்முனை கிறீச்சென்று நகர்ந்தது. போச்சு, ஏணியை இழுக்கிறான் என்று நினைத்தேன். அவளும் அதையே நினைத்திருக்க வேண்டும். குழந்தையை என்னிடம் கொடுத்தாள், சேலையைத் தூக்கிச் செருகினாள், முதல் படியில் காலை வைத்தாள்.

"ஏறாத! தையல் பிரிஞ்சுடும்! ஏணி ஆடுது, நான்தான் வரேன்ல!"

வந்தான். கடைசி இரண்டு படி தவறி, டிரைவரின் பழைய ஷூ மேல் பொத்தென்று உட்கார்ந்தான்.

"உனக்குத் தெரியுமா?" என்றான்.

"பொறந்த அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் சிரிச்ச?"

"நீங்க பாடினீங்களே, வேற என்ன பண்றது?"

டிரைவர் சிரித்துவிட்டார். அவர்களும் சிரித்தார்கள், அழுதார்கள், யார் முதலில் மறைத்தது என்று சண்டையும் போட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த இரண்டு பேரும் சேர்ந்து திடீரென்று என் பக்கம் திரும்பினார்கள்.

"அக்கா, இவளுக்குத் தெரியும்னு உனக்குத் தெரியுமா?"

"அண்ணி, இவருக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியுமா?"

கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. சாயங்காலம் வரை இருவரும் என்னோடு பேசவில்லை.

மறுநாள் டாக்டர் எதிரே மூவரும் உட்கார்ந்தோம். தம்பி மனைவி கேள்விகளோடு வந்திருந்தாள். "எனக்கு இருபத்தாறுதான் டாக்டர். வயசானவங்களுக்குத்தானே வரும்பாங்க?"

"வயசு ஏற ஏற வாய்ப்பு கூடும், உண்மைதான். ஆனா சின்ன வயசுல பெத்துக்கறவங்கதான் அதிகம். அதனால அவங்களுக்கும் நிறையப் பொறக்குது" என்றார் டாக்டர். கர்ப்பத்தில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை சந்தேகத்தைத்தான் சொல்லும், சிலதைத் தவறவும் விடும் என்றார். உட்காருவது, நடப்பது, பேசுவது எல்லாம் தாமதமாகும். சீக்கிரமே பயிற்சி தொடங்கினால் கைகொடுக்கும். காது, கண், தைராய்டு எல்லாவற்றையும் அவ்வப்போது பார்த்துக்கொண்டே வர வேண்டும். இதயத்தில் ஓட்டை இருந்தால் சிலது தானே மூடும், மூடாததை இப்போதெல்லாம் ஆபரேஷனில் சரிசெய்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடம் போவாள், சண்டை போடுவாள், வளர்ந்து வேலைக்கும் போகலாம். எவ்வளவு வரும் என்று இன்றைக்கே யாராலும் அளந்து சொல்ல முடியாது.

"எப்ப நடப்பா டாக்டர்?" என்றான் தம்பி.

"ரெண்டு வயசு ஆகலாம். அதுக்கு மேலயும் ஆகலாம்."

"பரவால்ல. செருப்பு தேயாது."

மனைவி அவன் தொடையில் கிள்ளினாள். டாக்டரே சிரித்துவிட்டார்.

பிறகு ஸ்கேன் அறை வாசல். உள்ளே இருட்டு. குழந்தை அசையாமல் இருக்க வேண்டும், பிடித்துக்கொள்ள ஒருவர்தான் வரலாம் என்றார் நர்ஸ். தம்பி மனைவிக்குத் தையல் வலி, குனிய முடியாது. அவள் என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷப் பழக்கம், நானும் யோசிக்காமல் இரண்டு கையையும் நீட்டிவிட்டேன். இந்தத் தெரு முழுக்க அவனுக்காக நான் போகாத இடமில்லை, இங்கே மட்டும் என்ன?

தம்பி குழந்தையை என்னிடம் தரவில்லை. அவன் முகம் வெளுத்திருந்தது, நெற்றியில் வியர்வை. குழந்தையின் தலையைத் தன் முழங்கை மடிப்பில் சரியாக வைத்துக்கொண்டான்.

"நீ உக்காருக்கா. என் பொண்ணு, நான் பிடிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். கதவு என் மூக்குக்கு நேரே மூடியது.

நியாயமாக எனக்குக் கோபம் பொரிந்திருக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விக்கி விக்கி அழுதேன். அவ்வளவு சந்தோஷம் என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா பயந்துபோய் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"அழாதீங்க. குழந்தைக்கு ஏதாவது பெரிசா இருக்கா?"

"அதெல்லாம் இல்லம்மா" என்றேன். "அவ அப்பா உள்ள இருக்கான்."