ரிஷா படியை மறித்த நாள்

வண்டியில் இருந்தவர்கள் இவர்கள். முன்னால் ஓட்டுநர் கிட்போக். அவருக்கு இடப்பக்கம், பாதி உடம்பைப் பின்னால் திருப்பியபடி வழிகாட்டி பலாரிஷா. முதல் வரிசையில் குவாஹாட்டியிலிருந்து வந்த இரண்டு ஆசிரியைகள், நிருபமாவும் அவர் நாத்தனார் ரேகாமணியும். இரண்டாவது வரிசையில் கல்கத்தாக்காரர் சுபேந்து நந்தி, சன்னலோரம். பக்கத்தில் அவர் மனைவி காவேரி. மூன்றாவதில் சூரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் மூன்று இளைஞர்கள். அவர்களில் பார்கவ் மட்டும்தான் பேசினான். மற்ற இருவரும் அவன் பேச்சுக்குச் சிரித்தார்கள். கடைசி வரிசையில் சாப்பாட்டுக் கூடைகள், மழைக் கோட்டுகள், நான்.

மைராங் ஊர்ச் சபையில் நடவடிக்கைக் குறிப்பு எழுதிப் பழகிய கை என்னுடையது. யார் எங்கே உட்கார்ந்தார் என்பதை எழுதிவிட்டுத்தான் மற்றதற்குப் போவேன்.

பலாரிஷா என் அக்கா பியோலினின் கடைசிப் பெண். வீட்டில் ரிஷா என்று கூப்பிடுவோம். எங்களில் வீடு கடைசிப் பெண்ணுக்குத்தான். வீட்டோடு அடுப்பும், வயதான அம்மாவும், குடும்பத்தின் நல்லது கெட்டதும் அவளைச் சேரும். அவள் எங்கே இருப்பது, என்ன செய்வது என்பதில் கடைசி வார்த்தை தாய்மாமனுடையது. அதாவது என்னுடையது.

ஷில்லாங்கில் அறை எடுத்துத் தங்கி, வருகிறவர்களை மழைக்குப் பேர்போன சோஹ்ராவின் அருவிகளுக்கு ஒரு நாள் பயணமாகக் கூட்டிப்போகிற வேலையை அவள் பிடித்ததிலிருந்து அக்காவுக்கு மனசு ஆறவில்லை. உதவியாளாகப் போய்க்கொண்டிருந்தவரை பொறுத்துக்கொண்டாள். இந்த மழைக்காலம் ரிஷா தனியாகவே ஒரு வண்டியைக் கூட்டிப்போக ஆரம்பித்துவிட்டாள் என்று கேட்டதும் எனக்கு ஆள் அனுப்பினாள்.

"ஊரான் பின்னாடி குடையைப் புடிச்சுக்கிட்டு ஓடுறது ஒரு வேலையா? நீ போய்ப் பாரு. சரியில்லேன்னா அன்னைக்கே கையோட கூட்டிட்டு வந்துடு" என்றாள்.

ரிஷாவும் இதற்குச் சம்மதித்திருந்தாள். மாமா ஒரு நாள் கூட வரட்டும், பார்த்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பிவிடு என்றால் வந்துவிடுகிறேன், மறுபேச்சு பேசமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஆகவே நான் ஒரு பையும் குடையும் ஒரு துணி மூட்டையுமாக அந்த வண்டியில் ஏறினேன். மூட்டை அக்கா கொடுத்தது. உள்ளே ஊறிய பச்சைப் பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு. எங்கள் மொழியில் குவாய். மகள் கூப்பிட்ட விருந்தாளிகள் வெறும் வாயோடு போகக்கூடாது என்பது அக்காவின் கட்டளை.

ஷில்லாங் தாண்டி மேடேறும்போதே மேகம் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது. ரிஷா முன்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தாள். எந்த வளைவில் தலை சுற்றும், எங்கே கைபேசியில் சிக்னல் போய்விடும், எந்தக் கடையில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று எல்லாம் சொன்னாள். நந்தி தன் கைபேசியில் ஒரு கால அட்டவணை வைத்திருந்தார். முதல் அருவிக்கு வண்டியை விட்டு இறங்கி எவ்வளவு தூரம் என்று இரண்டு தடவை கேட்டார். ரிஷா பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து நான் இரண்டு பாக்கு தூரம் என்றேன். ஒரு குவாய் மென்று தீர்வதற்குள் எவ்வளவு நடப்போமோ அது ஒரு பாக்கு. எங்கள் பெரியவர்கள் அப்படித்தான் அளந்தார்கள். நந்திக்கு அது பிடிபடவில்லை. கிட்போக் மட்டும் சிரித்தார்.

மாவ்க்டோக் பாலத்துப் பக்கம் தேநீருக்கு நிறுத்தினோம். ரிஷா சாலை நிலவரம் கேட்கக் கடைக்காரரிடம் போனாள். பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். இதைவிட நல்ல நேரம் ஏது என்று நான் மூட்டையை அவிழ்த்தேன்.

ஆசிரியைகள் இருவரும் நான் நீட்டுவதற்குள் கையை நீட்டினார்கள். அவர்கள் ஊரிலும் விருந்தாளிக்குப் பாக்குத்தான் முதலில். நந்தி தயங்கினார். காவேரி அவர் முழங்கையை இடித்தாள். பெரியவர் அன்பாகத் தருகிறார், வாங்கிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். இருவரும் ஆளுக்கொன்று வாயில் போட்டார்கள்.

"எங்க ஊர்ல பால்குடி மறந்ததும் பான்தான் சார்" என்றான் பார்கவ். "ஒண்ணு எந்த மூலைக்கு? ரெண்டா குடுங்க."

நான் இரண்டாகக் கொடுத்தேன். அவன் நண்பர்களும் இரண்டு இரண்டாக வாங்கிக்கொண்டார்கள். அக்கா இருந்திருந்தால் பூரித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் மெல்லுகிற பாக்கு உலர்ந்து சுருங்கிய பாக்கு. எங்களுடையது ஈரம் காயாத பச்சை. பழகாத உடம்பைச் சொக்கிவிடும் என்பது தெரியாதவனல்ல நான். ஆனால் குவாய் கொடுக்கும்போது எங்களில் யாரும் அதை யோசிப்பதில்லை. வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். வாங்கியவர்களும் துப்பினால் மரியாதைக் குறைவு என்று சாற்றை விழுங்கி, சக்கையை வாயிலேயே அடக்கிக்கொண்டார்கள்.

வண்டி மறுபடி கிளம்பி, அருவிக்கு இறங்கும் படிகளின் தலையில் போய் நின்றது. கல்லும் மரமுமாய் நேராகக் கீழே போகிற படி. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மூங்கில் கைப்பிடி. அதற்கு அப்பால் மேகம். மழை தூறிக்கொண்டிருந்தது. கீழே அருவியின் இரைச்சல் மட்டும் கேட்டது. ரிஷா எல்லோருக்கும் மழைக் கோட்டைக் கொடுத்து, செருப்பின் அடியைப் பார்த்து, முதல் படியில் கால் வைத்தாள். வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

பார்கவின் நெற்றியில் வியர்வை கோத்து நின்றது. அந்தக் குளிரில் காவேரியின் காது இரண்டும் செம்பருத்தி நிறம். நந்தி கோட்டின் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார். விரல்கள் இடம் மாறி மாறிப் போயின.

ரிஷா ஏறி வந்து, படியின் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"யாரும் இறங்க வேணாம். எல்லாரும் அந்தப் பாறைமேல உக்காருங்க."

நந்தி தன் கைபேசியைக் காட்டினார். அட்டவணைப்படி இந்நேரம் கீழே இருக்க வேண்டும், மழை வலுத்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். பார்கவ் தனக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லி, அவள் கைக்குக் கீழே குனிந்து போகப் பார்த்தான். அவள் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

அதற்குள் அவளுக்கு வாசனை எட்டியிருந்தது. என்னைப் பார்த்தாள்.

"மாமா, யாருக்கு எத்தனை குவாய் குடுத்தீங்க?"

அவள் குரல் உயரவில்லை. ஆனால் ஒரு சபைத் தலைவர் கேட்பதுபோல் இருந்தது. கல்கத்தாக்காரர்களுக்கு ஒவ்வொன்று, சூரத்துப் பையன்களுக்கு இரண்டு இரண்டு என்று நானும் சபையில் பதில் சொல்பவனைப்போலச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் இருக்கிறது, தேவையானால் தருகிறேன் என்று மூட்டையைத் தூக்கிக்காட்டியது எந்த நேரமோ தெரியவில்லை.

"மூட்டையைக் கட்டிடுங்க மாமா. நீங்களும் உக்காருங்க."

எங்கள் வீட்டில் என்னை உட்காரச் சொல்லி யாரும் சொன்னதில்லை. நான் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காருவார்கள். அன்று என்ன எண்ணத்தோடு நான் வந்திருக்கிறேன், என் வாயிலிருந்து வரப்போகிற ஒரு சொல்லில் அவள் வேலை நிலைக்குமா போகுமா என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். முகத்தில் இரத்தம் ஏற நான் ஈரப் பாறையில் உட்கார்ந்தேன். இதற்கு மைராங்கில் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ரிஷா விருந்தாளிகள் பக்கம் திரும்பினாள். "இது எங்கம்மா உங்களுக்காகக் குடுத்து அனுப்பினது. மாமா அவ்வளவு தூரத்திலேர்ந்து சுமந்துட்டு வந்திருக்கார். நீங்க வாங்கிக்கிட்டதே எங்களுக்கு மரியாதை. ஆனா பழக்கமில்லாத உடம்புக்கு இது கொஞ்ச நேரம் சொக்கும். வாயில மீதி இருந்தா துப்பிடுங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டோம்."

காவேரி சட்டென்று ஒரு புதரோரம் போய்த் துப்பினாள். காலையிலிருந்து அனுமதிக்காகக் காத்திருந்தவள் போல. நந்தியும் போனார். பார்கவ் சிரித்துக்கொண்டே எழுந்தான்.

"நான் நல்லாத்தான் இருக்கேன் காங். பாருங்க" என்று ஒற்றைக் காலைத் தூக்கினான். காங் என்றால் எங்கள் மொழியில் அக்கா; காலையிலேயே கற்றுக்கொண்டிருந்தான். மற்றக் கால் மடிந்தது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்த இடம் முதல் படியிலிருந்து இரண்டு எட்டு. கைப்பிடிக்கு அப்பால் மேகத்தில் ஆழம் தெரியவில்லை.

அவன் நண்பர்கள் சிரிக்கவில்லை. நந்தி கைபேசியைப் பைக்குள் போட்டார். என் முகத்திலிருந்த சூடு எங்கே போனதென்று தெரியவில்லை. அவன் அந்த ஒற்றைக் காலைப் படியின் பாதியில் தூக்கியிருந்தால் என்று என் மனம் அளந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ரிஷா நாளின் சாப்பாட்டை முன்னால் கொண்டுவந்தாள். படி முனையில் கடை வைத்திருக்கும் காங் த்ரிலியிடம் சொல்லி, பால் இல்லாத சிவப்புத் தேநீரில் சர்க்கரையை அள்ளிப் போடச் சொன்னாள். கூடையைத் திறந்தாள். எங்களுக்கும் ஆசிரியைகளுக்கும் பன்றிக்கறிச் சோறு. சூரத்துக்காரர்களுக்குத் தனிக் கூடையில் ரொட்டியும் உருளைக்கிழங்கும். அந்தக் கூடைக்குள் கறிக் கரண்டி படாமல் தனி மூடி போட்டு, மேலே ஒரு துணியும் கட்டியிருந்தாள். பார்கவ் அதைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்து சாப்பிட்டான். நிருபமா டீச்சர் காவேரியின் பின்கழுத்தில் ஈரத்துணி வைத்தார். சொக்கு இறங்கியதும் ரிஷா ஒவ்வொருவரையும் தன் முன்னால் நேர்கோட்டில் நடக்கவைத்துப் பார்த்தாள். பார்கவை இரண்டு தடவை நடக்கவைத்தாள்.

"டீச்சர், நீங்க நடுவுல. ரேகாமணி டீச்சர் கடைசி. பார்கவ், நீங்க எனக்கு அடுத்து, என் கோட்டைப் புடிச்சுக்கிட்டு."

"காங், கோட்டைப் புடிச்சா எங்க ஊர்ல கல்யாணம்னு அர்த்தம்" என்றான் பார்கவ்.

"எங்க ஊர்ல கல்யாணம்னா நீங்க எங்கம்மா வீட்டுக்கு வந்துடணும். துணிக்கடை மூடணும். சரியா?"

வண்டியே சிரித்தது என்று எழுதலாம். ஆனால் நாங்கள் அப்போது வண்டியில் இல்லை. அவன் நண்பர்கள் அவனை அன்று முழுக்க மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள்.

இறங்கினோம். ரிஷா முன்னால். ஒவ்வொரு வளைவிலும் நின்று, கடைசி ஆள் வரும்வரை காத்து, மறுபடி இறங்கினாள். என்னைக் கூட்டத்தில் எங்கே வைப்பது என்று அவள் சொல்லவில்லை. நானாகவே ரேகாமணிக்குப் பின்னால் போனேன்.

கீழே போனபோது மேகம் மேலே ஏறிவிட்டிருந்தது. அருவி முழுதாகத் தெரிந்தது. கரும்பாறையின் உச்சியிலிருந்து தலைவிரித்து விழுந்து, பச்சைக் குளத்தில் அடித்து, புகையாகி எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது. பேசினால் கேட்காது. காவேரி ரிஷாவின் கையைப் பிடித்தபடி குளத்தின் ஓரம்வரை போய் நின்றாள். காலையிலிருந்து கணவர் பேச்சுக்குள்ளேயே இருந்த அந்த அம்மா அங்கே வாய்விட்டு அழுதாள், என்ன காரணமோ. ரிஷா கையை விடவும் இல்லை, என்னவென்று கேட்கவும் இல்லை. நான் இந்த அருவியைப் பலமுறை பார்த்தவன். அன்று அருவியைப் பார்க்கவில்லை.

மாலையில் ஷில்லாங்கில் வண்டி நின்றபோது ஒவ்வொருவராக இறங்கி ரிஷாவின் கையைக் குலுக்கினார்கள். நந்தி கடைசியாக வந்தார்.

"உங்க வீட்டுப் பொண்ணா?" என்று என்னைக் கேட்டார்.

"என் அக்கா மகள். எங்க வீட்டோட கடைசிப் பொண்ணு" என்றேன். அந்த வார்த்தையின் எடை அவருக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும்.

அன்று இரவு ரிஷாவின் அறையில் தங்கினேன். என் முடிவு என்ன என்று அவள் கேட்கவில்லை. சோறு போட்டாள், படுக்கை விரித்தாள். காலையில், அடுத்த வண்டிக்குக் கிளம்பும்போது, கதவருகே நின்று, "நேத்து எல்லார் முன்னாலயும் உங்களை உக்காரச் சொல்லிட்டேன் மாமா" என்றாள்.

"உக்காந்தேனே" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு வண்டிக்குப் போனாள்.

மைராங் போகும் சுமோ வண்டிகள் நிற்குமிடத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து அக்காவுக்கு எழுதினேன். இதைப் போனில் சொல்ல முடியாது; அவளுடைய மற்றப் பெண்களையும் உட்காரவைத்து உரக்கப் படிக்க வேண்டிய சமாச்சாரம். இப்படி எழுதினேன்:

"அக்கா, உன் மகள் யார் பின்னாலும் ஓடவில்லை. முன்னால் நடந்தாள், எல்லோரும் அவளுக்குப் பின்னால் நடந்தார்கள். ஓர் இடத்தில் என்னையும் உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தேன். அவள் சொன்னது சரி. முன்பின் தெரியாத ஏழு பேரை மலையிலிருந்து பத்திரமாகக் கொண்டுவருகிறவள் உன் வீட்டையும் பார்த்துக்கொள்வாள். வேலையில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் வண்டி எடுப்பதில்லை. சனி மாலை வீட்டுக்கு வருவாள், அன்று அடுப்பு அவளுடையது. மற்ற நாட்களில் உன் விறகும் தண்ணீரும் என் பொறுப்பு, என் மனைவி வீட்டில் என்ன சொன்னாலும். இது என் கடைசி வார்த்தை. பாக்கு அருமை என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த முறை உலர்ந்ததாகக் கொடுத்து அனுப்பு."

உறையின் வாயில் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டினேன். அக்காவின் மூட்டைத் துணிக்குள் வைத்து முடிச்சுப் போட்டு சுமோ ஓட்டுநரிடம் நீட்டினேன். அவன் முடிச்சை அழுத்திப் பார்த்தான்.

"குவாய் இருக்கா மாமா?"

சட்டைப் பையில் ஒன்று மீதி இருந்தது. கொடுத்தேன். அதை வாயில் அடக்கிக்கொண்டு, கடித மூட்டையை வண்டியின் முன்கண்ணாடி ஓரம் செருகி வைத்து, அவன் வண்டியை எடுத்தான்.