பானையைவிட்டு எழாத களி

ஓசூர் பைபாசில் மணிகண்டன் நடத்தும் ஓட்டலில் கேழ்வரகுக் களி பானையைவிட்டு எழ மறுத்தது, ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை மதியம். அன்று தக்காளி கிலோ பதினெட்டு ரூபாய். வெயில் அந்த மாதத்துக்குக் கொஞ்சம் அதிகம். களியில் குறையேதும் இல்லை. ஈரக்கையால் தொட்டால் ஒட்டவில்லை, வெந்ததற்கு அதுதான் அடையாளம். ஆனால் யார் கைக்கும் வரவில்லை. பானையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், தலைகீழாக அப்படியே நின்றது. பக்கத்து மோல்டு கம்பெனியிலிருந்து பாரம் தூக்கும் செயின் பிளாக் கொண்டுவந்து, களியில் நின்ற துடுப்பில் கொக்கியை மாட்டி இழுத்ததில், பானையும் அடுப்பும் அடியிலிருந்த டைல்ஸும் பெயர்ந்து மேலே வந்தன. களி பானையைவிட்டு அசையவில்லை.

கிண்டியவள் காவேரி, மணிகண்டனின் அக்கா. பாரூரில் நிலம் கைவிட்டுப் போனபின் தம்பி ஓட்டலுக்குச் சமைக்க வந்தவள். ஓட்டல் வாசலில் அவர்கள் அம்மா சம்பங்கியின் படம் ஆளுயரத்துக்கு இருந்தது, கீழே ‘அம்மாவின் கைமணம்’ என்று எழுத்து. பெங்களூரிலிருந்து காரில் வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அன்று ஒருவர் செல்போனை நீட்டியதும் மணிகண்டன் நெஞ்சில் கைவைத்துச் சொன்னான். “சின்ன வயசுல நாங்க எல்லாரும் வட்டமா உக்காந்துக்குவோம் சார். அம்மா சுடச்சுட உருட்டிப் போடும். நெய்ய ஊத்தி முழுங்குவோம். அந்தக் காலமெல்லாம் இனி வராது.”

சமையற்கட்டில் நின்ற காவேரிக்கு அது காதில் விழுந்தது. எல்லாருமாம், வட்டமாம்! வாய் கூசவில்லையே இவனுக்கு. அந்த வீட்டில் முதல் உருண்டை அப்பாவுக்கு, அடுத்தது இவனுக்கு, நடுவில் குழி பறித்து நெய். காவேரிக்கு ஆறிப்போனது. அம்மாவுக்கு அதுவும் கிடையாது. பானையில் ஒட்டிய காந்தலில் தண்ணீர் ஊற்றி, ஊறவைத்துச் சுரண்டி, அடுப்படியில் குத்துக்காலிட்டுக் குடிப்பாள். ஆயுளெல்லாம் களி கிண்டியவள், ஒரு சூடான உருண்டை தொண்டையில் இறங்காமலே செத்தாள்.

“எல்லாரும்னியே, யாருடா எல்லாரும்?” காவேரி கரித்துணியோடு வெளியே வந்து கேட்டாள். “அம்மா என்னைக்குடா உக்காந்தா?”

“கஸ்டமர் முன்னாடி மானத்த வாங்காதக்கா. போய்க் களிய எடு.”

போனாள், எடுத்துப் பார்த்தாள், வரவில்லை. செயின் பிளாக் வந்ததும் போனதும் அதற்குப் பிறகுதான். சாயங்காலம் ஓட்டல் காலியானதும், பசி தாளாமல் தனக்கொரு தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பானைக்குள் கைவிட்டாள். களி வெண்ணெய்போல வந்தது. உருட்டி, குழி பறித்து, நெய் ஊற்றி, அவரைக்கொட்டைச் சாற்றில் தோய்த்து விழுங்கினாள். அவள் எழுந்து கைகழுவிய பிறகே மற்றவர்களுக்கும் வந்தது.

மறுநாளும் அதே கதை. மணிகண்டன் அக்காவுக்கு ஒரு வாய் மட்டும் கொடுத்து ஏய்க்கப் பார்த்தான், களி ஏமாறவில்லை. சாமல்பட்டியிலிருந்து தமிழ்செல்வி என்பவளைச் சமையலுக்கு வைத்தான். அவள் வயிறாரச் சாப்பிடும்வரை அவள் பானையும் விடவில்லை. சித்திரைக்குள் இது ஊத்தங்கரை வரை வீடு வீடாகப் பரவியது. ஆண்கள் கோபித்துக்கொண்டு இட்லிக்கு மாறினார்கள், இட்லி துணியைவிட்டு எழவில்லை. பிறகு பழகிவிட்டது. முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஷூவை மாட்டிக்கொண்டு, வீட்டுக்காரி கைகழுவும்வரை சுவரோரம் நின்றார்கள். கம்பெனி பஸ்களும் அதற்கேற்பத் தாமதமாக வந்தன. காவேரியின் கோபம் மட்டும் ஆறவில்லை. இருப்பவர்கள் சாப்பிட்டாயிற்று. செத்தவளுக்கு என்ன பதில்?

அம்மாவின் திதி வந்தது. மணிகண்டன் படத்துக்கு மாலை போட்டு, வடை பாயசத்தோடு தலைவாழை இலை விரித்தான். உயிரோடிருந்தவரை கடைசிப் பந்தி, செத்தபின் முதல் இலை. நல்ல நியாயம் என்று காவேரி பல்லைக் கடித்தாள். அன்று அவள் கிண்டிய களி அவளுக்கே எழவில்லை. ஏனென்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“நீ கைய வைடா. அம்மாவுக்குப் போடு.”

அவன் கைக்கு வந்தது. சூடு பொறுக்காமல் ஊதி ஊதி உருட்டி இலையில் வைத்தான். உருண்டை ஆவி பறக்க அப்படியே கிடந்தது.

“நெய் எங்கடா?”

“அம்மா நெய்யே தொடாதுக்கா. புடிக்காதுன்னு அதுதானே சொல்லும்?”

“புடிக்காதாம்! உனக்குப் பத்தாதுன்னு சொன்னதுடா அது.”

மணிகண்டன் நெய்க் கிண்ணத்தை எடுத்தான். குழி பறித்து நெய்யை ஊற்றினான். உருண்டையின் ஓரத்தில் ஒரு வாய் குறைந்தது. பிறகு இன்னொரு வாய். அவசரமே இல்லாமல், பிட்டுப் பிட்டு, இலை வழித்தெடுத்தாற்போல் காலியானது. வாசலில் வந்து நின்ற கார்க்காரர்களிடம், அம்மா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், கொஞ்சம் பொறுங்கள் என்று காவேரி சொல்லியனுப்பினாள். மணிகண்டன் கையை நனைத்துக்கொண்டு அடுத்த உருண்டையை உருட்டினான்.